டார்ச்சைக் கீழே வையுங்கள்

வணக்கம். பிள்ளைக்குத் தொண்டை வலி என்றதும் நாம் செய்வது என்ன? டார்ச்சை எடுத்து, "ஆ காட்டு கண்ணு" என்று கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்ப்போம். அப்படிப் பார்க்கவே கூடாத ஒரு தொற்று இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாக்கின் வேர்ப் பகுதிக்குப் பின்னால் இலை மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறது, எபிகிளாட்டிஸ். விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் தடுப்பது அதுதான். அதில் பாக்டீரியா தொற்றி வீங்கினால் எபிகிளாட்டைட்டிஸ். குழந்தைக்கு மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகல். சில மணி நேரத்தில் அடைத்துவிடலாம்.

காலையில் ஓடியாடிய பிள்ளைக்குத் திடீரென்று கடுங்காய்ச்சல் வரும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வடிந்துகொண்டே இருக்கும். குரல் அமுங்கிப்போகும். அப்புறம், உட்காரும் விதத்தைப் பாருங்கள். கைகளை முன்னால் ஊன்றி, முகவாயை நீட்டி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். படுக்க வைத்தால் தவிக்கும். அடம் இல்லை அது, அப்படி இருந்தால்தான் காற்று உள்ளே போகிறது. நாய் குரைப்பது போன்ற இருமல் இருந்தால் பெரும்பாலும் குரூப் என்ற வேறொரு மூச்சுப்பாதை நோய். அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்தான், ஆனால் எபிகிளாட்டைட்டிஸில் இருமல் அவ்வளவாக இருக்காது.

இப்படி இருந்தால் உடனே ஆம்புலன்ஸ். அதுவரை மடியிலேயே உட்கார வையுங்கள். வாய்க்குள் எதையும் விடாதீர்கள், தண்ணீர், காய்ச்சல் மருந்து எதுவும் வேண்டாம். அழவிடாதீர்கள், அழுதால் மூச்சு இன்னும் திணறும்.

ஆஸ்பத்திரியில் "டாக்டர் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே" என்று சிலர் கோபப்படுவார்கள். அவர் செய்வதுதான் சரி! தொண்டையைச் சீண்டினால் அந்த இடத்திலேயே அடைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்கள். ஆன்டிபயாட்டிக்கை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். வீக்கம் வடிந்ததும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், டியூபை எடுத்துவிடுவார்கள்.

குழந்தைகளுக்கு இதை அதிகம் உண்டாக்கியது ஹிப் என்ற பாக்டீரியா. தடுப்பூசி வந்த பிறகு நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே அது சேர்ந்திருக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்து, எல்லாத் தவணையும் போட்டாயிற்றா என்று பாருங்கள். வேறு பாக்டீரியாவாலும் வரலாம் என்பதால், ஊசி போட்ட பிள்ளைக்கும் இந்த அறிகுறிகள் தெரிந்தால் அசட்டையாக இருக்காதீர்கள்.

ஹிப்தான் காரணம் என்று உறுதியாகி, வீட்டில் ஊசி முடிக்காத கைக்குழந்தை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தொற்று பரவாமல் இருக்க, வீட்டில் உள்ளவர்களுக்கு ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கச் சொல்லலாம். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள்.