கடல்நீர்த் தொட்டியில் யாரோடு யாரை விடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே மீன் வாங்குகிறார்கள். மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று, வரி போட்டதில் ஒன்று. ஒரு வாரம் போனால் ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்; இன்னொன்றின் வால் கிழிந்திருக்கும். பவளப்பாறை மீன்களில் பல ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, சுற்றுவட்டாரத்தையும் காவல் காப்பவை. கடலில் துரத்தப்பட்ட மீனுக்கு ஓடி ஒளிய அடுத்த பாறை இருக்கிறது. தொட்டியில் நாலு பக்கமும் கண்ணாடிதான். எனவே எந்த மீன் என்பதோடு, அது தொட்டியின் எந்தப் பகுதியில் வாழும், எத்தனையாவதாக உள்ளே போகும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

3 அடி நீளமும் 120 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். உப்புநீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, வெப்பம் 25 முதல் 26 டிகிரி. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பரிசோதனையில் பூஜ்யம் காட்டும்வரை மீன் கூடாது. இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இந்தக் காலத்தில் 'எதையும் தாங்கும்' என்று டாம்செல் மீனை விடச் சொல்பவர்கள் உண்டு. தாங்கும், உண்மைதான். அதற்குப் பிறகு தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். அதைப் பிடிக்கப் பாறைகளை எல்லாம் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அந்த நச்சுகளை மாற்றும் பாக்டீரியா வளர ஒரு சிட்டிகை மீன் உணவு அழுகினாலே போதும்.

இந்த அளவுத் தொட்டிக்குச் சிறிய மீன்கள் ஐந்து. மணல் தரையில் ஒரு வாட்ச்மேன் கோபி. பாறைப் பொந்தில் ஒரு ராயல் கிராமா. நடு நீரில் ஒரு ஃபயர்ஃபிஷ். மேல்பகுதியில் ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் கோமாளி மீன். நான்கு வகைக்கும் உடல்வாகு வேறு, இருப்பிடம் வேறு. சண்டை பெரும்பாலும் தன்னைப் போன்ற நிறமும் வடிவமும் கொண்ட மீனோடுதான் வரும். ராயல் கிராமாவோடு ராயல் டாட்டிபேக்கைச் சேர்க்கக் கூடாது என்பது இதனால்தான்: இரண்டும் பாதி ஊதா, பாதி மஞ்சள், இரண்டுக்கும் பொந்து வேண்டும், டாட்டிபேக் கோபக்காரன்.

கோமாளி மீன்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். குஞ்சில் இவற்றுக்கு ஆண், பெண் பேதம் உறுதியாவதில்லை. இரண்டில் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாகும். ஆகவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குஞ்சுகளை ஒரே நாளில் வாங்குங்கள். மூன்றாவதை விட்டால், ஜோடி சேர்ந்ததும் அதை அடித்தே கொன்றுவிடக்கூடும். தொட்டியில் பிறந்த குஞ்சுகள் கடலில் பிடித்தவற்றைவிடத் திடமானவை, உலர்தீனியையும் எளிதில் ஏற்கும். கடலில் கோமாளி மீன்கள் குடியிருக்கும் கடல் சாமந்தி (சீ அனிமோன்) தொட்டியில் அவற்றுக்குக் கட்டாயமில்லை. பலத்த வெளிச்சமும் முதிர்ந்த தொட்டியும் கேட்கும் அந்த உயிரி புதியவர்களிடம் பிழைப்பது அரிது. மரூன் கோமாளி வேண்டாம், அது முரடு.

உள்ளே விடும் வரிசை: சாது முதலில், சண்டைக்காரர் கடைசியில். ஃபயர்ஃபிஷ், பிறகு கோபி, பிறகு கிராமா, இறுதியில் கோமாளி ஜோடி. ஒவ்வொரு முறைக்கும் இடையே 2 அல்லது 3 வாரம் விடுங்கள். கூடுகிற கழிவுக்கு ஏற்பப் பாக்டீரியா பெருக அந்த அவகாசம் தேவை. ஃபயர்ஃபிஷ் மிரண்டால் துள்ளி வெளியே விழும்; வடிகட்டிக் குழாய் நுழையும் இடைவெளி உட்பட முழுவதையும் வலையால் மூடுங்கள்.

வேண்டாதவை என்று பார்த்தால், நீல டேங் 30 செ.மீ. வரை வளரும். மாண்டரின் மீன் பாறையில் ஊரும் மிகச்சிறிய ஓட்டுயிரிகளையே தேடித் தின்னும். அவை தீர்ந்தால் பட்டினி. லயன் மீனுக்கு வாயில் அடங்கும் எதுவும் இரைதான். ட்ரிகர் மீனோடு இறாலோ நண்டோ தங்காது.

கடையில் மீனுக்கு உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள். வாங்கியதும் தனித்தொட்டியில் 4 வாரம்: 40 லிட்டர் நீர், ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு. வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால், அதற்குத் தரும் செம்பு மருந்தை அங்கே ஊற்ற முடியாது. இறாலும் நத்தையும் செத்துவிடும்.

புதிய மீனை விடும் நாளில் விளக்கை அணையுங்கள். பழைய மீன்களுக்கு மறு கோடியில் தீனி போட்டு, இரண்டு மூன்று பாறைகளை இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் குழம்பிப் போகும். துளையிட்ட ஒளி ஊடுருவும் பெட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புதிய மீனை அதில் 2 நாள் வைத்தால் இரு தரப்பும் பார்த்துப் பழகும். திறந்துவிட்ட பின் ஓரிரு நாள் துரத்தல் சகஜம். துடுப்பு கிழிந்தாலோ, தீனிக்கு வெளியே வராவிட்டாலோ காத்திருக்காதீர்கள். அடிபட்டதை அல்ல, அடித்ததைப் பிடித்து அதே பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். அதற்குள் மற்றது தனக்கென ஒரு பொந்தைப் பிடித்திருக்கும்.