பூட்டுப் போட்ட பயிற்சியாளர்

நடுவர் அவர்களே, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மக்களே, வணக்கம். பயிற்சியாளரின் முதல் கடமை ஒழுக்கமே! இது எங்கள் அணி. இல்லை, வெற்றியே என்பது எதிரணி.

எதிரணித் தலைவர் கேட்டார்: "கூடத்துக்குப் பூட்டுப் போடப் பயிற்சியாளர் எதுக்கு? ஒரு ஜாகா, காவலாளி, போதுமே!" நீங்களும் கைதட்டினீங்க. சரி, அந்தப் பூட்டையே பேசிடுவோம்.

கலிஃபோர்னியாவுல ரிச்மண்ட் உயர்நிலைப்பள்ளி. பயிற்சியாளர் கென் கார்ட்டர். 1999 ஜனவரி. 13 ஆட்டம் ஆடி, 13-லயும் ஜெயிச்ச கூடைப்பந்து அணி! ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுது. பசங்க பயிற்சிக்கு வர்றாங்க. கதவு பூட்டு! தோத்தவனுக்கு இல்லைய்யா, ஒண்ணுல கூடத் தோக்காதவனுக்குப் பூட்டு! பந்தைத் தொடாதே, நூலகத்துக்குப் போன்னுட்டார்.

ஏன்? முன்னாடியே ஒப்பந்தம் போட்டிருக்கார். படிப்புல 4-க்கு 2.3 மதிப்பெண் சராசரி எடுக்கணும். மாநில விதி கேட்டது வெறும் 2.0. வகுப்புல முன்வரிசை. ஆட்ட நாள்ல டை. கையெழுத்துப் போட்டவங்கள்ல சிலர் தவறினாங்க. பூட்டு மொத்த அணிக்கும் விழுந்துச்சு. தவறினவனை மட்டும் உட்கார வச்சிருந்தா, தேறினவன் "எனக்கென்ன"ன்னு ஆடப் போயிருப்பான். இப்போ பக்கத்துல உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் குடுத்தாதான் அவனுக்கும் ஆட்டம்!

ஜாகா பூட்டறது திருடன் உள்ளே வராம இருக்க. கார்ட்டர் பூட்டினது பையன் வெளியே போய்ச் சீரழியாம இருக்க. ஜாகா வேலையையும் குறைச்சுப் பேசாதீங்க, நண்பரே. ராத்திரி முழுக்கக் கண் விழிச்சு, பிள்ளைங்களைப் படிக்க வச்ச அப்பாக்கள் இந்த மண்டபத்துல எத்தனை பேர்!

"ஒழுக்கம்னா தண்டனைதானே"ன்னும் கேட்டார். இல்லை. தண்டனையா ஓட விடற கோட்டு ஓட்டத்தையே எடுங்க. கூடைப்பந்துத் திடல் 28 மீட்டர். கடைசிக் கோட்டுல கிளம்பி, கிட்ட இருக்கற ஃப்ரீ த்ரோ கோட்டைத் தொட்டுத் திரும்பணும். அப்புறம் நடுக்கோடு, எதிர்ப்பக்க ஃப்ரீ த்ரோ கோடு, எதிர்க் கடைசிக் கோடு. ஒரு சுற்று 140 மீட்டர். கோபத்துல 20 சுற்று விட்டா, பாதியிலயே கால் இழுக்கும், திரும்பற இடத்துல முட்டி போகும். எதுக்கு ஓடறோம்னே பையனுக்குத் தெரியாது. தாமதமா வந்தா ரெண்டு சுற்றுன்னு முதல் நாளே சொல்லுங்க. கோல் போடற நட்சத்திரத்துக்கும் அதே ரெண்டு. அவனுக்கு மட்டும் தள்ளுபடி குடுத்த அன்னிக்கே அணி உடைஞ்சுது!

படிப்பு பாத்தா பதக்கம் போகுமா? நம்ம மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுல 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடர் ஓட்டம், மூணுலயும் தங்கம். மருத்துவரும் ஆனார்!

செந்தூல் அடுக்குமாடியில ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்த ஒரு அம்மா, தூங்காம மகனைத் திடலுக்குக் கூட்டிட்டு வர்றாங்க. "எத்தனை கோல் போடுவான்"னா கேக்கறாங்க? "ஐயா, அப்பா இல்லாத பிள்ளை. என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறான், உங்க பேச்சைத்தான் கேக்கறான். பாத்துக்குங்க"ங்கறாங்க. அவங்ககிட்ட கோப்பையையா நீட்டுவீங்க, நண்பரே? நடுவர் அவர்களே, அந்த அம்மா முகத்தை நினைச்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க. வணக்கம்.