எவரெஸ்ட் ஏன் 20 கிலோமீட்டருக்கு வளரல?

ஹாய் மக்களே, ஃப்ளைட் சத்தம் கேக்கும், கண்டுக்காதீங்க, பக்கத்துலயே ஏர்போர்ட், நான் பரங்கிமலை மேல நிக்கிறேன். எவரெஸ்ட் பத்தி பேச இவன் ஏன் இங்க வந்தான்னு கேப்பீங்க, காரணம் இருக்கு. 1802ல லாம்ப்டன்னு ஒரு வெள்ளைக்காரரு இங்கேர்ந்து பெரும்பாக்கம் பக்கம் வரைக்கும் சங்கிலி போட்டு அளந்தாரு, இந்தியாவையே அளந்த அந்தப் பெரிய சர்வே இப்படித்தான் ஆரம்பிச்சுது.

அந்த சர்வே வடக்க போனப்ப ஒரு குழப்பம். இமயமலை அவ்ளோ பெருசு, அதனால அளக்கும்போது நேர்செங்குத்து பாக்க நூல்ல தொங்கவிடுற தூக்குக்குண்டை லேசா தன் பக்கம் இழுக்கணும்ல, இழுத்துச்சு, ஆனா கல்கத்தா பாதிரியார் பிராட் கணக்குப் போட்டு பாத்தா வரவேண்டியதுல மூணுல ஒரு பங்குதான் வந்திருக்கு! என்னடா இது, மலை உள்ள காலியா? 1855ல ஜார்ஜ் ஏரின்னு இங்கிலாந்து விஞ்ஞானி சொன்னாரு, காலி இல்லப்பா, மலைக்கு அடியில வேர் இருக்கு, தண்ணில மிதக்குற மரக்கட்டை மாதிரி, மேல எவ்ளோ உசரமோ அதவிட ரொம்ப ஆழமா கீழயும் இறங்கியிருக்கு, அந்த வேர் லேசான பாறைங்கிறதால இழுப்பு கம்மி. சும்மா கணக்குலயே புடிச்சிருக்காங்க, செம்மல்ல? சாதாரணமா கண்டங்களுக்கு அடியில பூமியோட மேலோடு 35, 40 கிலோமீட்டர் தடிமன்னா திபெத்துக்கு அடியில 70 கிட்ட.

இப்ப மேட்டருக்கு வருவோம். இந்தியா போய் ஆசியாவை இடிச்சு சுமார் 5 கோடி வருஷம் ஆச்சு, இன்னும் வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் கிட்ட இமயமலையை நெருக்கிட்டுதான் இருக்கு, அப்போ ஏறிக்கிட்டே போகணும்ல, ஏன் 8,848 மீட்டர்லயே நிக்குது? வெயிட் தாங்கல. உசரம் ஏற ஏற வேர் ஆழமா இறங்கணும், அங்க பயங்கர சூடு, பாறை இளகி பக்கவாட்டுல நழுவ ஆரம்பிச்சிடும். திபெத் இப்பவே கிழக்கு மேற்கா இழுபட்டு விரியுது. மேல பனியாறும் மழையும் அறுத்துத் தள்ளுது, அது வேற. செவ்வாய் கிரகத்துல ஒலிம்பஸ் மான்ஸ்னு ஒரு எரிமலை 22 கிலோமீட்டர் கிட்ட நிக்குதுன்னா அங்க ஈர்ப்பு நம்மள்ல 38 சதவீதம்தான், தட்டும் நகராததால ஒரே எடத்துல எரிமலைக் குழம்பு கொட்டிக்கிட்டே இருந்திருக்கு.

எனக்குப் புடிச்சது இதுதான். ஆறு அறுத்தா மலை குட்டையாகும்னுதானே நினைப்போம்? பள்ளத்தாக்குல மண்ணும் கல்லும் போகப் போக மொத்த வெயிட் குறையுது, கீழேர்ந்து வேர் மேல எழும்புது, ஓரமா நிக்கிற சிகரமும் சேர்ந்து ஏறுது. எவரெஸ்ட் பக்கத்துல அருண் ஆறு ஓடுதுல்ல, அது அறுத்ததாலயே எவரெஸ்டுக்கு 15லேர்ந்து 50 மீட்டர் கூடுதலா கிடைச்சிருக்குன்னு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு.