ஏப்ரலில் ஆண், மே மாதத்தில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆண், பெண் என்று பிரித்து வைப்பது இயற்கையா, சமூகமா? இதுதான் தலைப்பு. "குரோமோசோம் பொய் சொல்லாது" என்று மேசையைத் தட்டிவிட்டு அமர்ந்தார் எதிரணித் தலைவர். ஐயா, உங்கள் குரோமோசோமை யார் பார்த்தார்கள்? பிரசவ அறையில் பார்ப்பது வெளியுறுப்பை. அதை வைத்துப் பிறப்புப் பத்திரம். அதை வைத்துப் 15 வயதில் ஐசி என்ற அடையாள அட்டை.

குரோமோசோமைப் பார்த்த கதையும் உண்டு. 1985, கோபே. ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மார்ட்டினெஸ் பாட்டினோவின் கன்னத்தின் உட்புறம் சுரண்டிச் சோதித்தார்கள். தேறவில்லை என்று போட்டியிலிருந்து விலக்கினார்கள். ஆண்களுக்குரிய எக்ஸ்ஒய் குரோமோசோம் என்று பின்னர் தெரிந்தது. ஆண் சுரப்புநீர் (ஹார்மோன்) வேலை செய்யாத உடல் அது. 1988-இல் சர்வதேசத் தடகள அமைப்பு அவரை மறுபடியும் பெண்கள் போட்டிக்குச் சேர்த்துக்கொண்டது. நன்னூலாருக்கு இந்தத் தொல்லையே இல்லை. பெண்மை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவது பெண்பால் என்று விருப்பத்தை வைத்தே பால் சொல்லிவிட்டார்!

நம் ஊர் சிங்கப்பூருக்கு வருவோம். 1971 ஜூலை 30, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. இலங்கைத் தமிழரான பேராசிரியர் ரத்னம் தலைமையில் பால்மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 1973 முதல், சிகிச்சை முடித்தவர் ஐசியில் பாலை மாற்றலாம் என்றார்கள். பிறப்புப் பத்திரம் மட்டும் மாறாது. ஒரே ஆள் கையில் இரண்டு காகிதம், இரண்டு பால். எதில் இருப்பது இயற்கையின் கையெழுத்து?

அந்த ஐசியைக் காட்டித் திருமணமும் பதிவானது. 1991-இல் அப்படி ஒரு திருமணம் உயர் நீதிமன்றம் போனது. கணவர் பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறியவர். 1970-இன் பிரிட்டிஷ் தீர்ப்பு ஒன்றைப் பின்பற்றி, பிறப்பில் இருந்த பாலே கணக்கு, திருமணம் செல்லாது என்றது நீதிமன்றம். பிரிட்டிஷ் தீர்ப்பின் அளவுகோல் மூன்று: குரோமோசோம், விரை அல்லது சூலகம், பிறப்புறுப்பு. மூன்றும் ஒத்துப்போகாத உடலுக்கு உறுதியான விடை அதில் இல்லை.

1996-இல் நாடாளுமன்றம் மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டத்தைத் திருத்தியது. சிகிச்சை செய்தவர் மாறிய பாலுக்கே உரியவர். மணநாளில் ஐசியில் உள்ளதே முதல் சான்று. ஆனால் ஒரு பொடி எழுத்து: 1997 மே 1-க்கு முன்பே செல்லாது என்று தீர்ப்பான திருமணம் செல்லாததுதான்.

ஏப்ரல் 30-க்கும் மே 1-க்கும் நடுவே எந்தக் குரோமோசோம் மாறியது? எதிரணி சொல்லட்டும்.