கூட்டுப் பாம்புக்கு வயல் எலி கொடுக்கலாமா?

சபையோருக்கு வணக்கம். விலங்கியல் படிக்கும் மாணவர்களும், வளவுக்குள் வந்த பாம்பைப் பிடித்துக் கொண்டுபோய் விடும் தம்பிமாரும், கனடாவிலும் லண்டனிலும் பாம்பு வளர்த்துக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் பிள்ளைகளும் இங்கே கலந்திருக்கிறீர்கள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) போன்ற நம்மூர்ப் பாம்புகளை அனுமதியில்லாமல் வீட்டில் அடைத்து வைப்பது, இலங்கையின் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு மாறானது. ஆகவே இன்றைய பேச்சு இரண்டு வகைப் பாம்புகளைப் பற்றியது: அனுமதியோடு சிகிச்சைக்காகச் சில காலம் வைத்திருப்பவை, வெளிநாடுகளில் முறைப்படி வளர்க்கப்படுபவை.

“காட்டில் அது எலியும் தவளையும்தானே தின்கிறது? அதையே பிடித்துப் போட்டால் என்ன?” என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காட்டுப் பாம்புக்கு உடம்பில் புழு இல்லை என்று யார் சொன்னது? அதன் நுரையீரலிலும் குடலிலும் ஒட்டுண்ணிகள் சாதாரணம். அது பரந்த நிலத்தில் திரிகிறது, தன் எச்சத்தை விட்டு விலகிப் போகிறது. கூட்டுப் பாம்பு தன் எச்சத்தின் மேலேயே படுத்திருக்கிறது. அடைபட்ட நெருக்கடியில் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. வெளியே பத்துப் புழுவோடு காலம் தள்ளும் பாம்பு, கூட்டுக்குள் அதே பத்துப் புழுவால் மெலிந்துபோகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நஞ்சு. யாழ்ப்பாணத்தில் வயல், அரிசி ஆலை, பலசரக்குக் கடையின் பின்கட்டு, எங்கே எலி இருக்கிறதோ அங்கே எலி மருந்தும் இருக்கிறது. புரோமடியோலோன், புரோடிபாக்கூம் வகை மருந்துகள் இரத்தம் உறையாமல் செய்பவை. இவற்றைத் தின்ற எலி உடனே சாகாது. மூன்று முதல் ஏழு நாள்வரை நடமாடும். கடைசி நாட்களில் தளர்ந்து, பகலிலும் வெளியே வந்து, ஓடத் தெம்பில்லாமல் நிற்கும். யோசித்துப் பாருங்கள்: உங்கள் கையில் சுலபமாக அகப்படுவது எந்த எலி? மருந்து தின்ற எலிதான். பொறியில் விழுந்த எலி ஓரளவு மேல் என்றாலும், அது முதல்நாள் எங்கே மேய்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பூனை கவ்விவந்த எலியை எண்ணியும் பார்க்கவேண்டாம். ஒட்டுப்பலகையில் சிக்கியதும் கூடாது. பசை மயிரை விட்டுப் போவதில்லை.

பாலூட்டிகள் அளவுக்குப் பாம்புகள் இந்த மருந்துகளுக்கு எளிதில் விழுவதில்லை என்பது உண்மை. அதை நம்பி விளையாடக்கூடாது. புரோடிபாக்கூம் எலியின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும்; பாம்பு ஈரலோடு சேர்த்து முழுசாகத்தான் விழுங்குகிறது. வாய் உள்தோல் வெளிறுவது, பல்லடியில் இரத்தம் கசிவது, சிறு காயம் உறையாமல் இருப்பது ஆகியவை அடையாளம். கண்டால் மிருக வைத்தியரிடம் போங்கள். மாற்று மருந்தான விற்றமின் கே1 அவர் கையில்தான் இருக்கவேண்டும், உங்கள் கையில் அல்ல. சிங்க் பொஸ்பைட்டு என்ற எலி மருந்து வேறு கதை. அது எலியின் இரைப்பையில் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிறது. இரைப்பையில் செரிக்காத மருந்து மீதி இருந்தால் தின்னும் பாம்புக்கும் அதே ஆபத்து.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: “டீப் பிரீசரில் ஒரு மாதம் வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை” என்பார்கள். உறையவைத்தால் புழுக்களின் இளம்பருவங்களில் பெரும்பகுதி சாகும்; உண்ணியும் சாகும். அதற்கு மறை 20 பாகை செல்சியசில் முழுதாக 30 நாள் வேண்டும். வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் தட்டு அந்தக் குளிருக்குப் போகாது. மின்வெட்டில் இறைச்சி இளகிவிட்டால் அதை எறிந்துவிட வேண்டும். திரும்ப உறையவைத்து நாளை எண்ணத் தொடங்குவது அல்ல. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாடு இது. சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் சால்மோனெல்லா என்ற குடற்கிருமி உறைவில் தப்பிப் பிழைக்கும். நஞ்சு துளியும் குறையாது.

தவளை, பல்லி, ஓணான் விஷயம் எலியைவிட மோசம் என்பது என் கருத்து. ரைலியட்டியெல்லா ஓரியன்டலிஸ் என்ற நுரையீரல் ஒட்டுண்ணி ஆசியாவுக்கே உரியது. பாம்பின் எச்சத்தில் வரும் முட்டையைக் கரப்பான், சாணவண்டு போன்றவை தின்னும். அவற்றைத் தவளையும் பல்லியும் தின்னும். அவற்றைப் பாம்பு தின்னும். பர்மிய வெங்கிணாந்திகளோடு புளோரிடாவுக்குப் போன இந்த ஒட்டுண்ணி இப்போது அங்குள்ள உள்ளூர்ப் பாம்புகளைத் தாக்குகிறது. வாயைப் பிளந்து மூச்சுவிடுவதும் சோர்ந்து கிடப்பதும் அதன் அடையாளம். தேரையைச் சாரை தின்னும் என்பதற்காக எல்லாப் பாம்புக்கும் போடக்கூடாது; தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் நஞ்சு பழக்கமில்லாத பாம்பின் இதயத்தைத் தாக்கும்.

தண்ணீர்ப் பாம்புக்கு மீன் வேண்டும். தங்கமீன், கெண்டை இனத்து மீன்களில் தயமினேஸ் என்ற நொதியம் உண்டு. அது விற்றமின் பி1 எனும் தயமினை அழிக்கும். தொடர்ந்து அதையே போட்டால் சில மாதத்தில் பாம்பு தலை சுழற்றும், புரண்டு விழும், வலிப்பு வரும். மீனை 80 பாகையில் 5 நிமிடம் சூடாக்கினால் நொதியம் செயலிழக்கும். ஆறவைத்து, 1 கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயமின் சேர்த்துக் கொடுக்கலாம்.

உயிருள்ள எலியைக் கூட்டில் விட்டுவிட்டுப் போவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அகழான் எலி கடித்தால் பாம்பின் கண்ணும் முதுகுத்தோலும் போகும். பசியில்லாத பாம்பு திருப்பிக் கொத்தாது, எலி கடித்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் என்ன கொடுப்பது? சுண்டெலியை நீங்களே வளருங்கள். ஒரு ஆணுக்கு மூன்று பெண். சூல் 19 முதல் 21 நாள். பால் மறப்பது 21 நாளில். மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீனும் கொஞ்சம் நெல்லும் போதும். படுக்கைக்குத் தூசி சலித்த உமி அல்லது கிழித்த கடுதாசி. கிழமைக்கு இரண்டு தரம் மாற்றாவிட்டால் அமோனியா நெடி எலியின் மூச்சைக் கெடுக்கும். நம்மூர்ச் சூடுதான் எதிரி. 30 பாகையைத் தாண்டிக்கொண்டே போனால் குட்டி ஈனுவது குறையும், இன்னும் ஏறினால் பெரியவை சாகும். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியை வைக்காதீர்கள். காட்டெலி அந்தப் பெட்டிக்கு அருகே வராதபடி கம்பிவலை அடியுங்கள். வந்தால் வளர்த்ததன் பயனே போய்விடும். கொல்லும்போது தண்ணீரில் அமிழ்த்துவதோ உயிரோடு உறையவைப்பதோ வேண்டாம். கழுத்தெலும்பு விலக்கும் முறையை மிருக வைத்தியரிடம் நேரில் பழகுங்கள்.

அளவு: பாம்பின் உடம்பு எங்கே மிகத் தடிப்போ, அந்தத் தடிப்புக்கு மேற்போகாத இரை. குஞ்சுகளுக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருதரம், வளர்ந்தவற்றுக்கு 2 முதல் 4 கிழமைக்கு ஒருதரம். உறைந்ததை முதல் இரவு இரைக்கென்று வைத்த பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, பையில் போட்டு 40 பாகை வெந்நீரில் 15, 20 நிமிடம் வையுங்கள். வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் இன்னும் இளகவில்லை. கொதிநீர் கூடாது, தோல் வெந்து வயிறு வெடிக்கும். மைக்ரோவேவும் கூடாது.

காட்டில் பிடித்த பாம்பு செத்த சுண்டெலியை எளிதில் இரையென்று ஒப்புக்கொள்ளாது. இரவில், கூட்டை மூடி, நீண்ட இடுக்கியால் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். மறுத்தால் 30 நாள் உறையவைத்த பல்லியொன்றை எலியின் மூக்கில் தேய்த்து மணமேற்றுங்கள். அடுத்தடுத்த தரம் மணத்தைக் குறையுங்கள். நல்ல உடம்புள்ள பெரிய பாம்பு சில கிழமை பட்டினி கிடந்தால் பதறவேண்டாம். வாயைப் பிளந்து திணிப்பது கடைசி வழி, அதுவும் வைத்தியர் முன்னிலையில்.

உங்கள் கையையும் பாருங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைக் குடித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீரில் அந்தக் கிருமி இருக்கிறது. கையுறை போடாமல் வயலெலியைத் தொடவேண்டாம். மனிதர் உண்ணும் உணவுள்ள பிரிட்ஜில் இரையை வைக்கவேண்டாம்.

பாம்பு விழுங்கியதைக் கக்கிவிட்டால் உடனே வேறொன்று கொடுக்காதீர்கள். தொண்டையும் இரைப்பையும் அமிலத்தில் புண்பட்டிருக்கும். 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதியளவு இரை. கூட்டின் சூடான பக்கம் 30 பாகையளவு இருக்கிறதா என்று வெப்பமானியால் பாருங்கள். கக்குவதற்குக் குளிர்தான் பெரும்பாலும் காரணம். இரண்டாம் தரமும் கக்கி, நடுவயிறு வீங்கியிருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற இரைப்பை ஒட்டுண்ணி என்று சந்தேகியுங்கள். அந்தப் பாம்பைத் தனியறைக்கு மாற்றி, புது எச்சத்தை மூடிய போத்தலில் எடுத்து அன்றைக்கே வைத்தியரிடம் கொடுங்கள். அதன் தண்ணீர்க் கிண்ணமும் இடுக்கியும் மற்றப் பாம்புகளின் கூட்டுக்குப் போகவே கூடாது.