நின்றே தேயும் கால்களுக்கு ஒரு முக்காலி

(செப்டம்பர் 8, உலக இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) நாளையொட்டித் திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கவுன்சிலர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அண்ணன் அவர்களே, வரவேற்புரையில் என்னை இல்லாத உயரத்துக்கு ஏற்றிவிட்ட செயலாளர் அவர்களே, பனியன் கம்பெனி முதலாளிமார்களே, ஒன்றரை ஷிப்ட்டை ஒரு ஷிப்ட்டாக முடித்துக்கொண்டு ஓடிவந்திருக்கும் டைலர்களே, தைத்த பீஸில் டேமேஜ் தேடிச் செக்கிங் பார்க்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன். பொன்னாடை நான்கு போர்த்தினீர்கள். மூன்றை நாற்காலியில் வைத்தேன், இப்போது நான் உட்கார இடமில்லை. பரவாயில்லை, இன்றைக்கு நான் பேசப்போவதே உட்கார இடம் இல்லாதவர்களைப் பற்றித்தான்.

ஆனால் நோட்டீஸில் ‘அன்றாட வலிகளும் தீர்வும்’ என்று அச்சடித்துவிட்டார்கள். அதனால் நான்கு இடங்களைப் பற்றிச் சொல்கிறேன்: இடுப்பு, முழங்கால், பொடனி என்கிற பின்கழுத்து, தோள்பட்டை.

என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு ஒரு பழமொழி சலித்துப் போயிருக்கும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற. நான் படித்த படிப்பு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த பயிற்சித் தாளை ஜெராக்ஸ் எடுத்து நீங்கள் செய்தால் வலிதான் மிஞ்சும்.

முதலில் இடுப்பு. திடீரென்று பிடித்துக்கொள்கிற சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அதுவரை படுத்தே கிடக்க வேண்டியதில்லை. முடிந்த மட்டும் நடமாட வேண்டும். நம்மூரில் என்ன செய்கிறோம்? ‘வாய்வுப் பிடிப்பு’ என்று பூண்டைச் சுட்டுத் தின்கிறோம். இல்லாவிட்டால் காலை முன்னே நீட்டிப் பிறந்த ஒருவரைத் தேடிப் பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்கிறோம். அதற்கும் கேட்காவிட்டால் நேராக ஸ்கேன். ஸ்கேனில் ‘ஜவ்வு தேய்ந்திருக்கிறது’ என்று எழுதி வந்ததும் பாதி உயிர் போய்விடுகிறது. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். இவர்களில் ஒருவருக்கும் வலி கிடையாது. தலை நரைப்பது போல முதுகும் நரைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சில அறிகுறிகள் வேறு. உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, கால் நாளுக்கு நாள் பலம் இழந்தாலோ, வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலோ என்னிடம் வராதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் பிசியோதெரபித் தொழிலைப் பற்றி நானே ஒரு குறை சொல்லிக்கொள்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் “கரண்ட் வெச்சு உடுங்க டாக்டரே” என்றுதான் கேட்கிறார்கள். பெல்ட் கேட்கிறார்கள், இடுப்பில் எடை கட்டி இழுக்கச் சொல்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெல்ட்டும் வேண்டாம், இழுவையும் வேண்டாம், உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்கிறது. அதைச் சொன்னால் அடுத்த தெருவில் கரண்ட் வைக்கிறவரைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது முழங்கால். இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருந்தாலும் சொல்கிறேன்.

காங்கேயம் பக்கம் ஒரு ஆத்தா. வயது எழுபதை நெருங்கும். இரண்டு முழங்காலும் வலி. குத்துக்கால் போட்டு உட்காராதீர்கள், தினமும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம் வந்தது, படியேறும்போதே சத்தம். “ஏனுங்க டாக்டரே, உங்க பேச்சக் கேட்டு மூணு நாள் பால் மண்ணோட போச்சுங்க. சொசைட்டிக்காரன் கேட்டா உங்களக் கை காட்டட்டுங்களா?”

நடந்தது இதுதான். குத்துக்கால் வேண்டாம் என்றதும் பேரன் சமையலறையிலிருந்து உயரமான ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுபோய்த் தொழுவத்தில் போட்டிருக்கிறான். ஆத்தா அதில் ஏறி உட்கார்ந்ததும் மாடு ஒரு பார்வை பார்த்ததாம். நாட்டு மாடு, பழகாத ஆளையே அண்டவிடாத மாடு. முதல் உதையில் ஸ்டூல், இரண்டாவது உதையில் பால் போசி. மறுநாள் ஸ்டூலைக் கண்டதுமே பாலை அடக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் மருமகள் கறக்கப் போய் அவளும் உதை வாங்கினாள்.

எனக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குத் தொழுவத்துக்கே போய்விட்டேன். ஆத்தா எப்போதும் போலக் குத்த வைத்துக் கறந்து காட்டியது. அப்போதுதான் கவனித்தேன். கறக்கும்போது நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்து வைத்துக்கொண்டு என்னவோ முனகுகிறது. ஸ்டூலில் ஏறியதும் நெற்றி விலாவுக்கு மேலே போய்விடுகிறது. மாட்டுக்கு இது வேறு ஆளாகத் தெரிகிறது! ஒரு பலகையை எடுத்து அதன் மேல் உட்காரச் சொன்னேன். மாடு அசையவில்லை. நான்கு நாள் கழித்துப் பலகைக்கு அடியில் ஒரு செங்கல். இன்னும் நான்கு நாள் கழித்து இன்னொன்று. மூன்று வாரத்தில் ஆசாரி செய்த முக்கால் அடி உயர முக்காலிக்கு மாடும் பழகிவிட்டது, ஆத்தாவும் பழகிவிட்டது. கட்டில் பயிற்சியும் விடவில்லை. இன்றைக்கும் அதே ஆத்தாதான் கறக்கிறது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற என்று நான் சொல்ல வாயெடுத்தேன், “எனக்கே சொல்றீங்களா?” என்று முறைத்தது.

முழங்கால் தேய்ந்தவர்கள் நடக்கக் கூடாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. நடக்கலாம், நடக்கவும் வேண்டும். வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி என்பது பொதுவான அளவு. ஆனால் செங்கல் செங்கல்லாகத்தான் ஏற்ற வேண்டும்.

முக்காலி என்றதும் நான் எங்கே வருகிறேன் என்று முன்வரிசை முதலாளிமார்களுக்குப் புரிந்துவிட்டது, சிரிக்கிறார்கள். ஆமாங்க, அங்கேதான் வருகிறேன். என்னிடம் வரும் பெண்களில் பலர் செக்கிங், பிசிறு வெட்டுதல், ஜவுளிக் கடை கவுண்டர். காலை எட்டரைக்கு ஊன்றிய கால் ராத்திரிதான் மடங்குகிறது. கெண்டைக்கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், குதிகால் வலி, இடுப்பு வலி. தைக்கிற டைலருக்கு நேர் எதிர்க் கதை, அவர் எழுந்திருப்பதே இல்லை. நின்றவர் உட்காரவும் உட்கார்ந்தவர் எழவும் வழி இருந்தால் எனக்குப் பாதி வருமானம் போய்விடும். போகட்டும்.

இது சலுகை இல்லைங்க, சட்டம். நின்று வேலை பார்க்கிறவர்கள் இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. கடைகளுக்கு, ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிய பிறகு கேரளம் 2018இல் கொண்டுவந்தது. 2021இல் நம் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்று ஆக்கியது. இருந்தும் கோவை ஒப்பணக்கார வீதிப் பக்கம் சேலை எடுக்கப் போகிறவர்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஒரு கம்பெனி முதலாளியிடம் கேட்டேன். “உக்கார வெச்சாத் தூங்கிருவாங்க” என்றார். சட்டம் பேசினேன், காதில் வாங்கவில்லை. இது பாடிக் கறக்கிற மாடு என்று சட்டத்தை விட்டுவிட்டு, “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டேமேஜ் பீஸ் தப்பிப் போவது எத்தனை?” என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவர் செக்கிங் டேபிளில் ஐந்து பேருக்கு இரண்டு ஸ்டூல், மாற்றி மாற்றி. மூன்று இன்னும் வர வேண்டும்.

பொடனி வலிக்கு ஒரே வரி: போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்குங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். தோள்பட்டைக்கு நேரமில்லை, கேட்க வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் கீழே வாருங்கள்.

மண்டப வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கம்பெனி, கடை வைத்திருப்பவர்கள் உங்கள் டேபிளின் உயரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். எந்த உயரத்தில் ஸ்டூல் போடுவது என்று நானே வந்து பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் இல்லை. நன்றி சொல்ல விட்டுப்போன மைக் செட் தம்பிக்கு நன்றி. அப்புறம், பின்னால் சுவரோரம் நிற்கிற அக்காமார்களே, முன்வரிசையில் ஆறு நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. வி.ஐ.பி. என்று எழுதிய தாளை எடுத்துவிட்டு வந்து உட்காருங்கள்.