திருக்காவலூர்ச் சாமியார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி இருக்கிறது. பிறந்த பிள்ளையை அங்கே தூக்கிக்கொண்டு போய், அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் தடவுவார்கள். பிள்ளைக்குத் தமிழ் வரும் என்பது நம்பிக்கை. எனக்கும் தடவியதாக அப்பத்தா சொல்வார். தடவியும் நான் கவிஞனாகவில்லை, தமிழ் வாத்தியாராகத்தான் ஆனேன். அது போகட்டும்.

இன்று நான் சொல்ல வந்த மனிதருக்கு அந்த மண் கிடைக்கவில்லை. அவர் பிறந்தது 1680-இல், இத்தாலியில், காஸ்திலியோனே என்ற சிற்றூரில். பெயர் கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி. பதினெட்டு வயதில் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவுக்குக் கப்பலில் வந்து, அடுத்த வருடம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார். முப்பது வயதில் அ, ஆ தொடங்கியவர் 3615 பாட்டில் ஒரு காப்பியம் எழுதி முடித்தார். வீரமாமுனிவர் என்றால் உங்களுக்குத் தெரியும். சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை வைத்தார்களே, அவர்தான்.

அந்தச் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னக் குறை தோன்றும். சிலையில் அவர் பெரிய பண்டிதராக நிற்கிறார். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி அவர் பார்த்த வேலை, பட்டிக்காட்டுச் சாமியார் வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஓரளவு தெரியும். தேவகோட்டையிலிருந்து கிழக்கே போனால் ஓரியூர். அங்கேதான் 1693-இல் அருளானந்தர் என்கிற சேசு சபைச் சாமியார் ஜான் தே பிரித்தோவை வெட்டினார்கள். அப்போது பெஸ்கி இத்தாலியில் பன்னிரண்டு வயதுப் பையன். பிற்பாடு, பிரித்தோ வேலை பார்த்த அதே மதுரை மிஷனுக்குத்தான் பெஸ்கியும் வந்தார். அந்த மிஷன் என்பது ஒரு கட்டடம் இல்லை. காமநாயக்கன்பட்டி மாதிரி ஊர்கள், ஊரை ஒட்டிய கூரைக் கோயில்கள், இடையில் மைல் கணக்காக நடை. காவி உடை, மரக்கறிச் சாப்பாடு. ஓர் ஊருக்குச் சாமியார் போய்விட்டுத் திரும்பவும் அந்த ஊருக்கு வர மாதக்கணக்கில் ஆகும். நடுவில் செபம் சொல்ல, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுக்க, சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார உபதேசியார் ஒருவர் வேண்டும். அந்த உபதேசியார்களுக்கென்றே பெஸ்கி ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஒரு உரைநடை நூல் எழுதினார். காப்பியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, அவருடைய மற்ற எழுத்துக்கெல்லாம் வாசல் இதுதான் என்று படுகிறது. எங்கேயோ ஓர் ஊரில் தனியாக உட்கார்ந்து ஓலையைப் பார்த்து வாசிக்கப்போகிற ஒருவரை மனத்தில் வைத்து எழுதிய கை அது.

ஓலை என்றதும் எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்று ஞாபகம் வருகிறது. செட்டிநாட்டில் கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதுவார்கள், அந்தக் காலத்தில் அது ஓலையில்தான். வரவு செலவும் ஓலைதான். எங்கள் பரண் பெட்டியில் கிடந்த கட்டு ஒன்றை என் ஐயாவும் பெரியப்பாவும் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் ஐயா “கொடைக்கு அளந்த நெல்” என்று படித்தார். பெரியப்பா “கோடைக்கு அளந்த நெல்” என்றார். தானமாகக் கொடுத்த நெல்லா, கோடைச் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்த நெல்லா? இரண்டு பேரும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஓலையில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அன்றைக்குச் சாப்பாடு வரைக்கும் தீரவில்லை.

அது அவர்கள் கண்ணின் குற்றம் இல்லை. பழைய முறைப்படி எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. சரி, ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் என்ன ஆகும்? ஓலை பொத்துப்போகும். அதனால் யாரும் குத்துவதில்லை. ‘கொ’வும் ‘கோ’வும் ஒன்றாகிவிடும். தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர் இடம் பார்த்துப் பொருளை ஊகித்துக்கொள்வார். முப்பது வயதில் தமிழ் கற்கிறவருக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்! பெஸ்கி புள்ளியை விட்டார். நெடிலுக்குக் கொம்பின் தலையில் இன்னொரு சுழி சுழித்தார். இன்றைக்கு நாம் ‘கே’ என்றும் ‘கோ’ என்றும் எழுதும்போது போடுகிற அந்த இரட்டைச் சுழிக் கொம்பு அவர் கொடுத்தது. எழுத்தாணி ஓலையை விட்டு எழாமல் இழுத்துவிடலாம், ஓலையும் கிழியாது. ஒரு சுழி முந்நூறு வருடம் நிற்கிறது.

அகராதியும் அப்படித்தான். அதற்கு முன்னால் சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நிகண்டுப் பாட்டை மனப்பாடம் பண்ண வேண்டும். அவர் 1732-இல் சதுரகராதி செய்து, பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலாகப் பிரித்து, எழுத்து வரிசையில் அடுக்கினார். பாட்டு தெரியாதவனும் தேடிக்கொள்ளலாம். குறளை லத்தீனில் பெயர்த்தார், அறத்துப்பாலும் பொருட்பாலும் மட்டும். மூன்றாவது பாலைச் சாமியார் தொடாமல் விட்டதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது முதலில் சொன்ன அந்தக் காப்பியத்துக்கு, தேம்பாவணிக்கு வருகிறேன். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம். வாடாத மாலை என்றால் தேம்பா அணி. தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் பிரிக்கலாம். கம்பன் “உலகம் யாவையும்” என்று எடுத்தால் இவர் “சீரிய உலகம் மூன்றும்” என்று எடுக்கிறார். கம்பன் ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் சொல்லித்தான் சரண் புகுகிறான். இவரும் அதையே சொல்லிவிட்டுத்தான் பாதம் பணிகிறார். பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழாவில் வருடம் தவறாமல் உட்கார்ந்திருந்த காது எனக்கு. தேம்பாவணியை முதன்முதலில் சத்தமாக வாசித்தபோது, தெரிந்த வீட்டுக்குள் வேறு வாசல் வழியாக நுழைந்த மாதிரி இருந்தது.

ஆனால் கதாநாயகன் யார்? கம்பனுக்குச் சக்கரவர்த்தித் திருமகன். இவருக்குச் சூசையப்பர், அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பு. தாவீது ராஜா வம்சம் என்றாலும் தொழிலால் தச்சர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள், அதைப் பிடித்து ‘வளன்’ என்று தமிழ்ப் பெயர் வைத்தார். எங்கள் ஊர் வீடுகளுக்கு வருகிறவர்கள் பர்மாத் தேக்கு நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு எந்தச் செட்டியார் கட்டினார் என்று கேட்பார்கள். எந்த ஆசாரி இழைத்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்தச் சாமியார் ஓர் ஆசாரியைக் காப்பியத் தலைவராக உட்கார வைத்திருக்கிறார்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் தேம்பாவணியிலிருந்து சில பாட்டுகள் உண்டு. கருணையன், அதாவது திருமுழுக்கு யோவான், காட்டில் தாயை இழந்து அழுகிற இடம். அவள் சொல்தான் எனக்கு மழை, அதில் குளிர்ந்து வாழ்ந்தேன் என்கிறான். அப்புறம், “துளியிலது இளங்கூழ் வாடிக் காய்மணி ஆகுமுன்னர்க் காய்ந்தெனக் காய்ந்தேன் அந்தோ” என்கிறான். நான் வகுப்பில் பதவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். இளங்கூழ் என்றால் இளம்பயிர், துளி இலது என்றால் மழைத்துளி இல்லாமல், மணி முற்றும் முன்பே காய்ந்ததுபோல, என்று ஒவ்வொன்றாக. கடைசி பெஞ்சில் ஒரு பையன், வானம் பார்த்த கரிசல்காட்டுக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் இருக்கிற ஊர்க்காரன், பேச்சுக்குக்கூட வாய் திறக்காதவன், “சாவியாப் போச்சுன்னு சொல்றாரு சார்” என்றான்.

அவ்வளவுதான். என் பதவுரை முழுக்க அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. கதிர் வந்து பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாயில் தண்ணீர் இல்லையென்றால் நெல் பதராகி நிமிர்ந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பயிர் மாதிரியே இருக்கும். கிட்டப் போய்க் கதிரை நெரித்தால் உமி மட்டும் உதிரும். எங்கள் பக்கத்தில் அதைச் சாவி என்பார்கள். யூதேயா நாட்டுத் துக்கத்துக்குத் தமிழ்நாட்டு வயலைத் துணைக்கு அழைக்கத் தோன்றுகிறதே, அது வரப்பில் நடந்த காலுக்குத்தான் தோன்றும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை ஏலாக்குறிச்சி போனேன். அந்த ஊருக்குத்தான் அவர் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அடைக்கல மாதா மேல் கலம்பகம் பாடினார். காரைக்குடியில் ஏறி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று மாறி மாறிப் போய், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் திருமானூர், அங்கிருந்து கொஞ்ச தூரம். ஆற்றில் அன்றைக்குத் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். கோயில் வளாகத்து வேப்பமர நிழலில் ஒரு குடும்பம் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று கேட்டு, எனக்கும் ஒரு வாழை இலைத் துண்டில் வைத்தார்கள். “சாமி வீரமாமுனிவர் இருந்த இடம்ங்க” என்றார் அந்த அம்மா, போன வாரம்தான் மாற்றலாகிப் போனவரைச் சொல்வதுபோல.

1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அவர் காலமானார். அறுபத்தாறு வயது.

அவர் எழுதியதில் தேம்பாவணிதான் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது அது இல்லை. நான் அரைக்கால் சட்டை போட்ட வயதில், முற்றத்தில் பாய் விரித்து அப்பத்தா ஒரு கதை சொல்வார். ஒரு மண்டு குருவும் ஐந்து மண்டுச் சீடர்களும். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார்கள். ‘சுர்’ரென்று சத்தம் வரும், விழித்துக்கொண்டது என்று ஓடுவார்கள். ஆற்றைத் தாண்டியதும் ஆளை எண்ணுவார்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவான். கடைசியில் சாணியில் ஆளுக்கு ஒரு தடவை மூக்கை அழுத்தி, குழியை எண்ணிக் கணக்குச் சரி பண்ணுவார்கள். அந்த இடம் வந்தால் அப்பத்தாவே சிரித்துச் சிரித்துக் கதையை நிறுத்திவிடுவார்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பரமார்த்த குரு கதையை எழுதியவர் பெஸ்கி என்று எனக்குத் தெரிந்தது. லீவில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, “அப்பத்தா, அந்தக் கதை எழுதினது வெள்ளைக்காரச் சாமியார், இத்தாலிக்காரர்” என்று சொன்னேன். அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போடா. அது எங்க ஆத்தா சொன்ன கதை.”

நான் மேற்கொண்டு வாதாடவில்லை. வணக்கம்.